சவால் விட வந்த தோட்டக்காரர்

1969. ஜோகன்னஸ்பர்க் நகரில் வீட்டு வேலை செய்யும் ஜூலு ஆட்களிடையே ஒரு பேச்சு பரவிக்கொண்டிருந்தது. பதினாறு வயது வெள்ளைக்காரப் பையன் ஒருவன் ஜூலு கிடாரை ஜூலுக்காரனைப் போலவே வாசிக்கிறானாம். வேலை தேடிக் கிராமத்திலிருந்து வந்து, தோட்டக்காரராகச் சேர்ந்திருந்த ஓர் இளைஞரின் காதுக்கும் அது எட்டியது. அவரும் கிடார் வாசிப்பவர். பையனைத் தேடிப் போய், போட்டிக்கு வா என்று அழைத்தார்.

அந்தப் பையன் ஜானி கிளெக். பின்னாளில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர். 2019 ஜூலை 16-ல் புற்றுநோயில் அவர் இறந்தபோது, ஆப்பிரிக்க இசைக்குத் தன்னைக் கொடுத்த வெள்ளைக்காரர் என்று பல நாட்டுப் பத்திரிகைகள் அஞ்சலி எழுதின. தகுதியான அஞ்சலிதான். தேடிப் போன தோட்டக்காரர் பெயர் சிப்போ மச்சுனு. அந்த அஞ்சலிகள் பலவற்றில் அவருக்குக் கிடைத்தது ஒன்றிரண்டு வரி. இந்தக் கதையைக் கிளெக் பக்கமிருந்தே சொல்லிப் பழகிவிட்டார்கள். மச்சுனு பக்கமிருந்து சொன்னால் இது வேறு கதை. தன் வித்தையில் அசையாத நம்பிக்கையுள்ள ஒரு கூலித் தொழிலாளி, தன் ஊர்ப் பாட்டை எவனோ வாசிக்கிறான் என்று கேள்விப்பட்டு, நேரில் போய் நிறுத்துப் பார்த்த கதை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வசிப்பவர்களுக்கு இந்த மனிதரை அறிமுகப்படுத்தச் சிரமப்பட வேண்டியதில்லை. ஊரில் நிலமும் மாடும் உறவும் இருக்க, மாதச் சம்பளத்துக்காகப் பட்டணத்தின் ஓரத்தில் வாடகை அறை எடுத்து, ஆறு நாள் உழைத்து, ஏழாம் நாள் பாட்டுப் பாடும் ஆட்களை நமக்குத் தெரியும். நம்மில் பாதிப்பேரின் தகப்பனார்கள் அவர்கள்தான்.

வரி போட்டு வரவழைத்தார்கள்

மச்சுனு 1951-ல் நேட்டால் பகுதியின் கிரான்ஸ்காப்பில் பிறந்தார். துகேலா ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நிற்கும் மலைவிளிம்பு ஊர். அங்கே பிளவுபட்ட பெரிய பாறை ஒன்று உண்டு. ஜூலுக்கள் அதை ந்துன்ஜாம்பிலி என்பார்கள். அந்தப் பாறை திறந்து ஆட்களை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பழங்கதை சொல்கிறது. ஊரின் இளைஞர்களை உண்மையில் உள்ளே இழுத்தது பட்டணம்.

அந்த இழுப்புக்குப் பின்னால் கணக்கான ஒரு திட்டம் இருந்தது. 1905-ல் நேட்டால் அரசு வயது வந்த ஆண்கள் மீது ஒரு பவுண்டு தலைவரி போட்டது. மாடும் சோளமும் வைத்திருந்தவனிடம் பவுண்டுக் காசு ஏது? காசு வேண்டுமானால் கூலி வேலைக்குப் போயாக வேண்டும். 1906-ல் பம்பாதா என்ற தலைவர் எதிர்த்து எழுந்தார். ந்கண்ட்லா காட்டை ஒட்டிய மோமே பள்ளத்தாக்கில் அந்த எழுச்சி ரத்தத்தில் முடிந்தது. 1913-ல் வந்த நிலச் சட்டம், நாட்டின் பெரும்பான்மை மக்களான கறுப்பர்களுக்கு ஏறத்தாழ நூற்றில் ஏழு பங்கு நிலத்தை மட்டும் ஒதுக்கியது. பிறகு அது பதின்மூன்று பங்கு ஆயிற்று. மச்சுனு பிறந்த காலத்தில், ஆண்கள் ஆண்டில் பதினோரு மாதம் சுரங்கத்திலும் துறைமுகத்திலும் வெள்ளைக்காரர் தோட்டத்திலும் இருப்பதுதான் வாழ்க்கை முறை. பதினாறு வயது தாண்டிய கறுப்பர் எவரும் அடையாளப் புத்தகம் இல்லாமல் நகரத்தில் நிற்க முடியாது.

வரி என்றதும் நமக்கு வேறொன்று ஞாபகம் வர வேண்டும். அதே நேட்டாலில், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியக் கூலிகள் மீது மூன்று பவுண்டு வரி இருந்தது. 1913 போராட்டத்தில் காந்தியோடு தமிழர்கள் சிறை சென்றதும், தில்லையாடி வள்ளியம்மை நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்ததும் நம் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. ஜூலுக்களுக்கு ஒரு பவுண்டு, நமக்கு மூன்று பவுண்டு. காரணம் ஒன்றே: மலிவான கூலிக்கு ஆள் வேண்டும்.

கரும்புக் காட்டில் நாமும் இருந்தோம்

நேட்டாலின் கடற்கரைச் சமவெளியில் ஆங்கிலேயர் கரும்பு போட்டபோது, சொந்த நிலமும் மாடும் வைத்திருந்த ஜூலுக்கள் அந்தத் தோட்டங்களில் முதுகொடிய வேலை செய்ய முன்வரவில்லை. அதனால் மதராஸ் துறைமுகத்திலிருந்து ஆள் கொண்டுபோனார்கள். ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் போனார்கள். பெரும்பகுதியினர் மதராஸ் வழியாகக் கப்பல் ஏறியவர்கள். செங்கல்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு.

டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் ஒப்பந்தம் முடிந்த தமிழர்கள் காய்கறித் தோட்டம் போட்டார்கள். இன்றும் அம்பலவாணர் ஆலயம் அங்கே நிற்கிறது. பழைய கோயிலை 1905 வெள்ளம் அடித்துப் போக, பின்னால் புதிதாகக் கட்டியது. வேலை தேடி வந்த ஜூலுக்கள் அதே பகுதியில் இந்தியர்களின் நிலத்தில் குடிசை போட்டு வாடகை கொடுத்தார்கள். இது இனிப்பான அண்டை உறவு மட்டும் என்று சொல்லிவிட்டுப் போனால் பொய்யாகிவிடும். 1949 ஜனவரியில் டர்பனில் வெடித்த கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். ஜூலுக்களும் இந்தியர்களும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதை ஓரமாக நின்று பார்த்த ஆட்சி, பத்தாண்டுக்குள் இரண்டு கூட்டத்தையும் அங்கிருந்து காலி செய்யத் தொடங்கியது.

அந்தக் கேட்டோ மேனரில் 1951-ல் பிறந்தவர் மடாலா குனேனே. சமையல் எண்ணெய் டின்னில் தந்தி கட்டித் தன் முதல் கிடாரைத் தானே செய்து, ஏழு வயதில் டர்பன் கடற்கரையில் வாசித்துக் காசு சேர்த்தவர். ‘ஜூலு கிடாரின் அரசர்’ என்று பின்னாளில் பட்டம் பெற்றவர். குடும்பத்தோடு வெளியேற்றப்பட்ட ஆண்டையே ஓர் இசைத்தட்டுக்குத் தலைப்பாக வைத்தார்: ‘1959’. நம் பிள்ளைகள் காவடி தூக்கிய தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் டின் கிடார் வாசித்த பையன் என்று நினைத்துப் பார்க்கும்போது எனக்கு அந்த இசை வேறு மாதிரி கேட்கிறது.

நடந்துகொண்டே வாசிக்கும் கிடார்

இந்த இசைக்குப் பெயர் மஸ்கந்தி. இதன் மூதாதை என்று எல்லோரும் கைகாட்டும் மனிதர் ஜான் பெங்கு. 1930-ல் ந்கண்ட்லா பக்கம் பிறந்தவர். பம்பாதாவின் எழுச்சி முடிந்த அதே மண். ஐம்பதுகளின் தொடக்கத்தில் டர்பன் தெருக்களில் கிடாரோடு திரிந்தார். ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘பூசுஷுகேலா’. சர்க்கரை குடிப்பவன் என்று பொருள்.

அவர் என்ன மாற்றினார்? அதுவரை பெரும்பாலும் கம்பிகளை மொத்தமாக வருடி வாசித்தார்கள். பெங்கு கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கொண்டு ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகச் சுண்டினார். கட்டைவிரல் கீழ் ஸ்தாயியில் ஒரு பாட்டையும், சுட்டுவிரல் மேலே இன்னொரு பாட்டையும் ஓட்டும். ஒருவர் வாசிக்கும்போது இருவர் வாசிப்பதாகக் காது நம்பும். கிடாரின் மெல்லிய முதல் கம்பியை வழக்கமான இடத்திலிருந்து ஒரு முழு சுரம் இறக்கிக் கட்டுவார்கள். மேற்கத்தியக் கைகளுக்காகச் செய்த கருவியை இந்த ஒரு திருப்பில் தங்கள் ஊர் சுரங்களுக்கு வளைத்துவிட்டார்கள்.

அந்த ஊர் சுரங்கள் எங்கிருந்து வந்தன என்றால், பெண்களின் வில்லிலிருந்து. சுரைக்குடுவை கட்டிய ஒற்றைத் தந்தி வில்லை ஜூலுப் பெண்கள் குச்சியால் தட்டிப் பாடினார்கள். இரண்டே ஆதார சுரங்கள்; குடுவையை மார்போடு சேர்த்தும் விலக்கியும் மேல் ஒலிகளைப் பிரித்தெடுப்பார்கள். ஜூலு அரச குடும்பத்தின் இளவரசி மகோகோ, 1984-ல் இறக்கும்வரை இந்த வில்பாட்டைக் காத்தவர். நம் வில்லிசைக் கலைஞர்கள் அவர் பதிவுகளைக் கேட்டால் உடனே தலையாட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

மஸ்கந்திப் பாட்டு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதலில் தாளம் இல்லாமல் கிடார் மட்டும் வேகமாக ஓடி, கம்பிகள் அத்தனையையும் தொட்டு, நான் இன்ன சுருதியில் நிற்கிறேன் என்று அறிவிக்கும். நம் ஆலாபனையின் சுருங்கிய வடிவம் போல. பிறகு ஒரு சிறு சுற்று பிடித்துக்கொள்ளும்; அது கடைசிவரை சுழலும். குரல் உச்சியில் ஆரம்பித்துப் படிப்படியாக இறங்கும். பாட்டின் நடுவே பாடுவதை நிறுத்திவிட்டு, மூச்சு விடாமல் பேச்சு. நான் இன்னாருடைய மகன், இன்ன ஆற்றுத் தண்ணீர் குடித்தவன், எங்கள் தலைவர் இன்னார், இன்ன சண்டையில் நான் ஓடவில்லை. காதல் தோல்வியைப் பாடினாலும் சம்பளக் குறைவைப் பாடினாலும் இந்தப் பேச்சு உண்டு. முதலாளி வீட்டில் தோட்டக்காரன் என்றும், நாற்பது வயதானாலும் ‘பையா’ என்றும் கூப்பிடப்படுகிறவன், கிடார் கையில் இருக்கும் அந்த இரண்டு நிமிடம் தன் முழுப் பெயரையும் பரம்பரையையும் உரக்கச் சொல்லிக்கொள்கிறான். இந்த இசையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

நடந்துகொண்டே வாசிப்பது இதன் பழைய வழக்கம். கிராமத்தில் காதலியைப் பார்க்கப் போகும் வழியில், பட்டணத்தில் வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் வழியில். பாட்டின் நடை காலின் நடையோடு ஒட்டியிருப்பதை இன்றைய பதிவுகளில்கூடக் கேட்கலாம். கையில் இருந்தது பெரும்பாலும் உள்நாட்டில் செய்த மலிவு கிடார். அப்படி ஒரு தென்னாப்பிரிக்க ‘கேலோடோன் சாம்பியன்’ கிடார்தான் இங்கிலாந்தில் ஜான் லெனன் என்ற சிறுவனுக்கும் முதல் கிடாராக அமைந்தது. எழுபதுகளில் பூசுஷுகேலா மின்கிடாரும் பேஸும் டிரம்ஸும் சேர்த்து முழு வாத்தியக் குழுவோடு பதிவு செய்யத் தொடங்கினார். 1985-ல் இறந்தார். தனி ஆளின் வழிநடைப் பாட்டு மேடைக்கு வந்தது அவரால்தான்.

மொட்டைமாடி அறைகள், ஒரு காளை

மறுபடி 1969-க்கு. கிளெக் இந்த வித்தையை எங்கே கற்றார்? சார்லி மசிலா என்ற அடுக்குமாடித் துப்புரவுத் தொழிலாளியிடம். வெள்ளையர் குடியிருப்பில் வேலை செய்யும் கறுப்பர்களுக்கு மொட்டைமாடியில் சின்ன அறைகள் கொடுத்திருந்தார்கள். பகலில் கண்ணில் படாத அந்த ஆட்கள், மாலையில் அங்கே கிடாரும் நடனமுமாகத் தனி உலகம் நடத்தினார்கள். பதினான்கு வயதுக் கிளெக், மசிலாவின் பின்னாலேயே போய் இரண்டு வருடம் கற்றார். கறுப்பர் விடுதிகளுக்குப் போனதற்காகப் போலீஸ் அவரைப் பிடித்தது.

மச்சுனு அழைத்த போட்டி நட்பில் முடிந்தது. ஒருவர் கிரான்ஸ்காப்பிலிருந்து கொண்டுவந்த பாணி, இன்னொருவர் மொட்டைமாடியில் கற்ற பாணி. இனவாரி வசிப்பிடச் சட்டத்தின் கீழ் ஒரு கறுப்பரும் ஒரு வெள்ளையரும் சேர்ந்து பொது மேடையில் வாசிக்க வழியே இல்லை. தொழிலாளர் விடுதிகள், பல்கலைக்கழக அரங்குகள், தேவாலய மண்டபங்கள், நண்பர்கள் வீடுகள் என்று வாசித்தார்கள். போலீஸ் வந்து நிகழ்ச்சியைக் கலைத்ததும் உண்டு. பத்து ஆண்டுகள் இப்படியே போயின. பகலில் மச்சுனு தோட்ட வேலை. கிளெக் மானுடவியல் படித்து விரிவுரையாளரானார்.

குழு விரிவடைந்தபோது வைத்த பெயர் ‘ஜுலுக்கா’. வியர்வை என்று அர்த்தம். மச்சுனு ஊரில் வளர்த்த காளையின் பெயர் அது. 1979-ல் முதல் இசைத்தட்டு ‘யுனிவர்சல் மென்’ வந்தது. ஊரைவிட்டு வந்து, நகரத்தைக் கட்டி, எந்த ஊருக்கும் முழுதாகச் சொந்தமில்லாமல் போன கூலித் தொழிலாளியின் பயணம்தான் அதன் பொருள். 1981-ல் ‘ஆப்பிரிக்கன் லிட்டனி’. அதிலுள்ள ‘இம்பி’ என்ற பாட்டு, 1879 ஜனவரி 22 அன்று இசண்ட்ல்வானாவில் ஜூலுப் படை ஆங்கிலேயப் படையைத் தோற்கடித்ததைப் பாடியது. ஒவ்வொரு மொழிக்கும் தனி அலைவரிசை வைத்து மக்களைப் பிரித்திருந்த அரசு வானொலியில் ஆங்கிலமும் ஜூலுவும் கலந்த பாட்டுக்கு இடமில்லை. ஆனாலும் இசைத்தட்டுகள் விற்றன. அடுத்தடுத்து ஐரோப்பா, அமெரிக்கா என்று பயணம். ‘ஸ்கேட்டர்லிங்ஸ் ஆஃப் ஆப்பிரிக்கா’ 1983-ல் பிரிட்டன் தரவரிசையிலும் ஏறியது.

மேடையில் கிளெக் பேசுவார், ஆங்கிலத்தில் பாடுவார். பார்வையாளர்கள் அவரைப் பார்ப்பார்கள். கிடாரைக் கூர்ந்து கேட்டால் வேறு விஷயம் புரியும். பாட்டின் அடியில் ஓயாமல் சுழலும் அந்தச் சிறு சுற்று பூசுஷுகேலாவின் தெருவிலிருந்து மச்சுனுவின் விரலுக்கு வந்த நடை. அதை எடுத்துவிட்டால் ஜுலுக்கா இன்னொரு ராக் இசைக்குழு ஆகியிருக்கும்.

பிறகு, புகழின் உச்சத்தில், 1985-ல் மச்சுனு விலகினார். கிரான்ஸ்காப்புக்குத் திரும்பி நிலத்தையும் மாடுகளையும் பார்க்கப் போய்விட்டார். கிளெக் ‘சவுக்கா’ என்ற புதுக்குழு தொடங்கினார். சிறையிலிருந்த மண்டேலாவைப் பற்றி 1987-ல் பாடினார். 1999-ல் ஃப்ராங்ஃபர்ட் மேடையில் அதே பாட்டுக்கு மண்டேலாவே வந்து ஆடினார். மச்சுனு விலகியதை வாய்ப்பைத் தவறவிட்டதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜூலு கூலித் தொழிலாளியின் கனவே, சம்பாதித்த காசில் மாடு வாங்கி ஊர் திரும்புவதுதான். நூறு ஆண்டுகளாக வரியும் சட்டமும் சேர்ந்து உடைத்த கனவு அது. லட்சக்கணக்கானோர் அதை அடையாமலே சுரங்கத்தில் இருமிச் செத்தார்கள். கிடாரால் அதை அடைந்துகாட்டினார் மச்சுனு. 1997-ல் கிளெக்கோடு சேர்ந்து ஜுலுக்கா பெயரில் மறுபடி ஓர் இசைத்தட்டும் செய்தார்.

மஸ்கந்தி அவர்களோடு நின்றுவிடவில்லை. பூசுஷுகேலாவை ஞாபகப்படுத்தும்படி ‘பூசேகெமிசி’ என்று பெயர் வைத்துக்கொண்ட கலைஞர், தம்பி கெதானியோடு சேர்ந்து 1992-ல் ‘இம்பிசோ’ என்ற பாட்டைக் கொண்டுவந்தார். ஊர்த் தலைவர்கள் கூட்டம் போட்டு, நாய்க்குக்கூட வரி கேட்கிறார்களே என்ற புகார்தான் அந்தப் பாட்டு. மறு ஆண்டு கார் விபத்தில் தம்பி போய்விட்டார். அண்ணன் தொடர்ந்து பாடினார். தலைவரியில் தொடங்கிய கதையில் வரியைப் பற்றிய பாட்டே பெரிய வெற்றி ஆனது.

நம் தொழிற்பேட்டையின் பாடகர்கள்

நம் பக்கம், சென்னையின் மேற்குப் புறநகரில், 1949-ல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பாடியில் மோட்டார் உதிரிபாகங்கள், ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. வேலூர், விழுப்புரம், தென் மாவட்டங்கள் என்று ஆட்கள் இறங்கினார்கள். தறி, நெல், மாடு எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள் கூடவே பாட்டைக் கொண்டுவந்தார்கள். இப்போது பட்டரவாக்கம், மண்ணூர்பேட்டை, அத்திப்பட்டுப் பக்கம் அறைக்கு ஆறு பேராக ஒடிசாவும் பீகாரும் ஜார்க்கண்டும் குடியிருக்கின்றன. ஞாயிறு மாலை அந்தச் சந்துகளில் நடந்தால் டோலக் சத்தம் கேட்கும். போஜ்பூரியில் யாரோ உச்ச ஸ்தாயியில் தொடங்கி இறங்குவார்கள். நாம் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போகிறோம்.

சென்னைக்கு என்று ஒரு மஸ்கந்தி உண்டென்றால் அது கானா. துறைமுகத்திலும் ஆலையிலும் ரிக்‌ஷாவிலும் உழைத்தவர்கள் சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடிய பாட்டு. நடுவே தன் பெயரையும் ஏரியா பெயரையும் சொல்லிக்கொள்ளும் வழக்கம் இதிலும் உண்டு. சினிமா அதை எடுத்துக்கொண்டது. மெட்டு யாரிடமிருந்து வந்தது என்பது பெரும்பாலும் டைட்டில் கார்டில் வரவில்லை. மச்சுனுவுக்கு நேர்ந்ததுதான் இங்கேயும் நடந்தது.

அதை மாற்ற ஒரு முயற்சி இந்த மேற்குப் புறநகரின் மண்ணிலிருந்து போனது எனக்குப் பெருமை. ஆவடியை அடுத்த கர்லபாக்கத்தில் பிறந்த இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை உருவாக்கினார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. கிடாரும் டிரம்ஸும் ஒரு பக்கம், கட்டைமோளமும் சட்டியும் மறுபக்கம். நடுவில் கானாப் பாடகர்கள் கோட்டு போட்டு நின்று, தங்கள் பெயரோடு பாடினார்கள். அதில் பாடிய இசைவாணியை 2020-ல் பிபிசி உலகின் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது.

இனி செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் பல்கலைக்கழகங்கள் மஸ்கந்திக் கலைஞர்களை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அழைத்தன. உம்சிந்தோவில் பிறந்த ஷியானி ந்கோபோ, முறையான இசைப் பட்டம் எதுவும் இல்லாமல் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு இந்தக் கிடாரைக் கற்பித்தார். நம் இசைக் கல்லூரிகளில் கானா பாடுகிறவர் ஒருவரை ஆசிரியர் நாற்காலியில் உட்காரவைக்க முடியாதா? அம்பத்தூர், ஆவடி நூலகங்களில் ஒரு அறையும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் போதும்: ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பேட்டைப் பாடகர்களைக் கூப்பிட்டு, தமிழானாலும் ஒடியாவானாலும், பாடியவர் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றோடும் பதிந்து வைக்கலாம். ஆவடி மாநகராட்சியின் அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே இதற்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும்.